போகிறவருக்கு மட்டும்

மார்ச் 14

தம்பிக்கு,

‘அன்புள்ள’ என்று எழுதக் கை வரவில்லை, விட்டுவிட்டேன். போனில் பேசியிருக்கலாமே என்பாய். பேசினால் நீ ‘அக்கா’ என்று ஒரு இழு இழுப்பாய், என் கோபம் பாதி இறங்கிவிடும். இந்தத் தடவை அது இறங்கக் கூடாது. நாலு தெரு தள்ளி இருக்கிற உனக்குத் தபால்தலை ஒட்டிக் கடிதம் போடுவது அதனால்தான்.

உன் அத்தானுக்கு ஆபரேஷன் முடிந்தது. இடுப்பில் தகடு வைத்திருக்கிறார்கள். எலும்பு சேர்ந்துவிடும் என்றார் டாக்டர். எப்போது நடப்பார் என்று கேட்டேன். ஏற்கெனவே தசை கரைந்துகொண்டு வரும் கால், இத்தனை வாரம் படுத்தால் மிச்சமிருப்பதும் போய்விடும், சக்கர நாற்காலிக்கு ஏற்பாடு பண்ணிவிடுங்கள் என்று பேனாவை மூடிக்கொண்டே சொன்னார். இரண்டு ஊன்றுகோலை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் ரயிலேறி, பக்கத்து ஊர்க் கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்த மனுஷன். டாக்டர் சொன்னதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை. தெரிந்திருக்கும். அவரும் கேட்கவில்லை.

அன்றைக்கு நடந்ததை நீ மற்றவர்களிடம் எப்படிச் சொல்கிறாயோ எனக்குத் தெரியாது. நான் கண்ணால் பார்த்ததை எழுதுகிறேன். சாயந்திரம் அவரைக் கூட்டிவர ஸ்டேஷனுக்கு வந்தேன். நல்ல மழை. பார்க்கிங் பூத்தில் நீ. அதுவரை காலை ஷிப்டில் இருந்தவன், அன்றைக்குத்தான் முதல் தடவையாக மாலை ஷிப்ட். என் தம்பியே இருக்கிறான், இனி கவலையே இல்லை என்று கண்ணாடியை இறக்கி அவருடைய மாற்றுத்திறனாளி அட்டையை நீட்டினேன். நீ வண்டிக்குள் எட்டிப் பார்த்தாய்.

“அத்தான் உள்ள இல்லையேக்கா. கார்டுக்காரர் வண்டியில இருந்தாதான் சாய்தளத்துப் பக்கம் விடலாம். நீ பின்னாடி போய் நிறுத்திட்டு வந்துடு.”

“அவரைக் கூட்டிட்டுப் போகத்தானேடா வந்திருக்கேன். அவர் வண்டிக்குள்ளயே இருந்தா நான் எதுக்கு ஸ்டேஷனுக்கு வரேன்?”

நீ தடுப்பைத் தூக்கவில்லை. பின்னால் நின்ற வண்டிக்காரர்கள் ஹாரனை அமுக்கினார்கள். நான் சரக்குக் கொட்டகைக்குப் பின்னால், அந்த மேட்டு மைதானத்தில், சேற்றில் போய் நிறுத்தினேன். அவர் சாய்தளத்தில் இறங்கி வந்து பார்த்திருக்கிறார். வழக்கமாக நிற்கிற இடத்தில் வண்டி இல்லை. தேடிக்கொண்டு மேட்டுப் பக்கம் வந்திருக்கிறார். நான் இறங்கி ஓடி வருவதற்குள் அவர் தரையில் கிடந்தார், ஊன்றுகோல் ஒன்று வாய்க்காலில் கிடந்தது.

உனக்கு முன்னால் பூத்தில் இருந்த ஆளுக்கு நாங்கள் யாரென்றே தெரியாது. சாயந்திரம் நான் தனியாக வரும்போதெல்லாம் ஒரு தலையசைப்போடு விட்டார். என் கூடப் பிறந்தவன் வந்தான், தடுத்தான். இதை நினைத்து நினைத்து எனக்குத் தூக்கமே வரவில்லை.

அக்கா


மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எழுதாவிட்டாலும் நான் ‘அன்புள்ள’ என்றுதான் எழுதுவேன்.

ஆஸ்பத்திரிக்கு வந்தேன். வாசலிலேயே நர்ஸ் நிறுத்தி, உங்களை உள்ளே விட வேண்டாமென்று அந்த அம்மா சொல்லியிருக்கிறார்கள் என்றாள். அந்த அம்மா என் அக்காதான் என்று சொல்லிப் பார்த்தேன். மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிவிட்டேன். மறுநாள் நீ மருந்து வாங்கப் போயிருந்த நேரத்தில் போய் அத்தானைப் பார்த்தேன். அவர் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார், நீயும் அவரைக் கோபித்துக்கொள்ளாதே.

எனக்கு முன்னால் இருந்த ஆளைப் பற்றி எழுதியிருந்தாய். அவரை ஏன் வேலையை விட்டு அனுப்பினார்கள் என்று யாராவது உனக்குச் சொன்னார்களா? சாயந்திரம் அட்டைக்காரர் இல்லாத வண்டிகளை உள்ளே விட்டதற்குத்தான். பூத்துக்கு மேலே கேமரா இருக்கிறது. அவரை அனுப்பிய மறுநாளே அந்த ஷிப்டில் என்னை உட்கார வைத்து, சூப்பர்வைசர் சொன்னது இதுதான்: அட்டை பயணிக்குத்தான், வண்டிக்கு இல்லை. ஸ்டேஷனுக்குப் போகிறவர் வண்டிக்குள் இருப்பார், அவருக்குச் சலுகை உண்டு. ரயிலிலிருந்து வருகிறவர் வண்டிக்குள் இருக்க மாட்டார், அதனால் இல்லை. முட்டாள்தனம்தான். நான் போட்ட விதி இல்லையே அக்கா. அத்தான் தன் பழைய மாணவரிடம் பேசி வாங்கிக்கொடுத்த வேலை. மாலை ஷிப்டின் முதல் நாளே சொந்த அக்காவை விட்டு மாட்டிக்கொண்டால் அவர் பேரும் கெடாதா என்று நினைத்தேன். என் வீட்டுக்காரிக்கு இப்போது ஆறாம் மாதம் வேறு.

விழுந்துவிட்டார் என்று போர்ட்டர் ஓடி வந்து சொன்னதும் பூத்தை அப்படியே போட்டுவிட்டு வந்தேன். நீ என்னைத் தொட விடவில்லை. பூத்தை விட்டு வந்ததற்கு எழுத்தில் எச்சரிக்கை கொடுத்திருக்கிறார்கள். இன்னொரு தடவை என்றால் வீட்டுக்குத்தானாம்.

ஒன்று சொல்கிறேன், சொல்லக் கூடாதுதான். அத்தான் மேட்டில் நடந்ததால் விழவில்லை. சட்டைப்பையில் போன் விடாமல் அடித்துக்கொண்டே இருந்ததாம். உனக்கு என்னவோ ஏதோ என்று பயந்து, ஒரு ஊன்றுகோலை விட்டுவிட்டு எடுக்கப் போயிருக்கிறார். அடித்தது யார் என்று உனக்குத் தெரியும். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் நீ என்னை மட்டும் கொலைகாரன் மாதிரிப் பார்க்கிறாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

தம்பி


மார்ச் 23

ஆமாம், நான்தான் அடித்தேன். வண்டி பின்னால் நிற்கிறது, அங்கேயே இருங்கள், நான் வருகிறேன் என்று சொல்ல அடித்தேன். நீ உள்ளே விட்டிருந்தால் எனக்கு எதற்கு போன்?

இதை எழுதியதால் உனக்கு மனசு லேசாகியிருந்தால் சரி. எனக்குத் தெரியாது என்றா நினைத்தாய்? கீழே கிடந்தபோது அவர் கையில் போன் இருந்தது. திரையில் என் போட்டோ மின்னிக்கொண்டிருந்தது.


மே 8

தம்பிக்கு,

இனி எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். ஒரு காரியமாக எழுதுகிறேன். உனக்கு வேலை வாங்கிக்கொடுத்த மனுஷருக்காக.

அவரை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன். சக்கர நாற்காலி வந்துவிட்டது. கூடத்துச் சோபாவைத் தூக்கி அறையில் போட்டோம், என் தையல் மிஷினை ஜன்னலோரமாக நகர்த்தினோம். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற ஒரு பலகை கொடுத்திருக்கிறார்கள், அதில் சறுக்கிச் சறுக்கித்தான் வர வேண்டும். முதல் நாள் பாதிப் பலகையில் நின்றுவிட்டார். நடுவழியில் ரயில் நின்னுபோச்சும்மா, சிக்னல் விழலைன்னு சிரித்தார். நான் சமையலறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன்.

கல்லூரியில் ஜூன் முதல் வாரம் வரை அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் திரும்பாவிட்டால் வேறு ஆள். அவர் திரும்பப் போகத்தான் போகிறார். ராத்திரி பகலாக அதே பேச்சு. “வகுப்புல இருக்கிற வரைக்கும்தான் நான் வாத்தியார். வீட்டுல இருந்தா நோயாளி.” இதை அவர் சொல்லும்போது முகத்தைப் பார்க்க முடியாது. அந்தக் கல்லூரிப் பஸ் ஸ்டேஷனுக்கு வந்து அழைத்துப் போகும், அங்கே கஷ்டம் இல்லை. இங்கே ரயிலிலிருந்து இறக்கி, சாய்தளம் முடிகிற இடம் வரை போர்ட்டர் தள்ளி வருவார். காலையில் அவர் வண்டிக்குள் இருப்பதால் பக்கத்தில் விடுவீர்கள். சாயந்திரம்? மேட்டு மைதானம் வரை அவரை நாற்காலியோடு தள்ளிக்கொண்டு ஏற என்னால் முடியாது. நான் இருக்கிற எடை உனக்குத் தெரியும், காற்றடித்தால் நானே சுவரைப் பிடித்துக்கொள்கிற ஆள்.

ஸ்டேஷன் ஆபீசுக்கு ஒரு மனு அனுப்பியிருக்கிறோம். அவரேதான் எழுதினார், கணக்கை நிரூபிக்கிற மாதிரி: போகிறவர் எல்லாரும் ஒரு நாள் வருகிறவரே, ஆகவே. பூத்தில் யார் இருந்தார்கள் என்று நான் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். எழுதினார். அப்புறம் அவரே அடித்துவிட்டார். நானும் மறுபடி சேர்க்கச் சொல்லவில்லை.

மனுவுக்குப் பதில் எப்போது வருமோ. அதுவரைக்கும் சாயந்திரம் என்னை உள்ளே விட ஏதாவது வழி இருக்கிறதா? இதைக் கேட்கவே நாக்கு கூசுகிறது. கேட்டுவிட்டேன்.

அக்கா


மே 12

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் பயந்துபோய்த்தான் பிரித்தேன். இரண்டு நாளாக யோசித்தேன். சும்மா விட முடியாது, கேமரா. ஆனால் ஒரு வழி இருக்கிறது.

விதியை எடுத்து வரிவரியாகப் படித்துப் பார்த்தேன். ‘அட்டைதாரர் வாகனத்தில் இருக்க வேண்டும்’ என்றுதான் இருக்கிறது. எந்த அட்டைதாரர் என்று இல்லை. அவர் ரயிலில் போக வேண்டும் என்றும் இல்லை. உங்கள் அடுத்த வீட்டுத் தபால்காரர் ரிட்டயரான பிறகு முட்டி போய்விட்டது என்று அட்டை வாங்கினாரே, இருக்கிறதா? அவரைச் சாயந்திரம் பக்கத்தில் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு வா. அவர் அட்டையைக் காட்டு. நான் பார்ப்பேன், அட்டை இருக்கிறது, ஆளும் இருக்கிறார், தடுப்பைத் தூக்குவேன். இதில் என்ன தப்பு? யாரும் என்னைக் கேட்க முடியாது.

பூத்தில் என்னோடு பேச்சுக் கொடுக்காதே. பேச்சும் பதிவாகிறது. அட்டையை நீட்டு, வாங்கிக்கொள், போய்விடு. ‘டா’ போட்டுக் கூப்பிட்டுத் தொலைக்காதே.

மனுவில் என்னைப் பற்றிய வரியை அத்தான் அடித்தார் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

தம்பி


ஜூன் 21

தம்பி,

நடக்கிறது. எழுதவே பயமாக இருக்கிறது, கண் பட்டுவிடுமோ என்று. ஆனால் நடக்கிறது.

தபால்காரரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். தினம் சாயந்திரமானால் தலை வாரி, சட்டை மடிப்புக் கலையாமல், மாப்பிள்ளை மாதிரி வந்து நிற்கிறார். பெல்ட்டைப் போடுங்கள் என்றால் எனக்கு மூச்சு முட்டுகிறது என்று சண்டை. போகிற வழியெல்லாம் இந்த வீட்டில் யார் இருந்தார்கள், யாருக்கு எங்கிருந்து கடிதம் வரும் என்று ஊர்க்கதை முழுக்கச் சொல்லிவிடுகிறார். திரும்பும்போது உன் அத்தானுக்கு முன்சீட்டைக் கொடுத்துவிட்டுப் பின்னால் நாற்காலியோடு நாற்காலியாக மடங்கி உட்கார்ந்துகொண்டு, அவரோடு அரசியல் பேசி வம்பிழுக்கிறார். இருவரும் இறங்கும்வரை ஓய்வதில்லை. வீட்டில் இத்தனை மாதத்துக்கு அப்புறம் சத்தம் கேட்கிறது.

உன் அத்தான் ஆளே மாறிவிட்டார். முதல் நாள் வகுப்பில் கரும்பலகையின் மேல் பாதி எட்டவில்லையாம். பிள்ளைகளே வந்து பலகையை இறக்கி மாட்டிவிட்டார்களாம். “இப்ப எல்லாரும் குனிஞ்சுதான் படிக்கணும், நல்லா வேணும்”னு சொல்லிச் சிரித்தார். ராத்திரி உட்கார்ந்து விடைத்தாள் திருத்துகிறார், சிவப்புப் பேனாவைத் தேடி என்னைத் திட்டுகிறார். திட்டு வாங்க அவ்வளவு ஆசையாக இருக்கிறது எனக்கு.

நேற்று அட்டையைத் திருப்பிக் கொடுக்கும்போது நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். நானும் சிரித்ததாக நீ நினைத்துக்கொண்டிருக்கலாம். அது வெயில் கண்ணில் பட்டது.

அவளுக்கு நாள் நெருங்கிவிட்டதே, பழைய பருத்தித் துணி நிறைய இருக்கிறது, குழந்தைக்குச் சின்னச் சட்டைகள் தைத்துக்கொண்டிருக்கிறேன். உனக்காக இல்லை, அவளுக்காக.

அக்கா


ஜூலை 5

அக்கா,

அவசரமாக எழுதுகிறேன். நாளையிலிருந்து தபால்காரரைக் கூட்டி வராதே.

உங்கள் மனுவை விசாரிக்க இரண்டு அதிகாரிகள் வந்திருக்கிறார்கள். சாயந்திரம் எத்தனை அட்டைக்காரர்களை ஏற்றிப்போக வண்டி வருகிறது என்று எண்ணுவதற்காகக் கேமரா பதிவை எடுத்துப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். பார்க்கப் பார்க்க ஒரே வண்டி, ஒரே பெரியவர். தினமும் வருகிறார், எந்த ரயிலிலும் ஏறுவதில்லை, இறங்குவதும் இல்லை, சாய்தளத்தில் நின்று காற்று வாங்கிவிட்டுத் திரும்பிவிடுகிறார். இவர் யார், எதற்கு வருகிறார் என்று தோண்டிவிட்டார்கள்.

என்னையும் கூப்பிட்டுச் சில கேள்வி கேட்டார்கள். பதில் சொன்னேன். அதையெல்லாம் நேரில் சொல்கிறேன். இப்போது எழுத முடியவில்லை.

தம்பி


ஜூலை 16

தம்பிக்கு,

உத்தரவு வந்துவிட்டது. உன் அத்தான் வழக்கம்போல் முதலிலிருந்து கடைசிவரை நிதானமாகப் படித்தார். நான் நின்றுகொண்டே கேட்டேன்.

அட்டையைத் தவறாகப் பயன்படுத்தியதால் தபால்காரரின் அட்டையை ரத்து பண்ணிவிட்டார்கள். அதற்கு உடந்தையாக இருந்ததால் உன் அத்தானுடைய அட்டையும் ஒரு வருஷத்துக்கு நிறுத்தம். சாய்தளத்துப் பக்கம் இனிக் காலையிலும் விட மாட்டார்கள், கட்டணமும் முழுசாகக் கட்ட வேண்டும். மனுவைப் பற்றி ஒரே ஒரு வரி: மனுதாரரின் நடத்தையைக் கருத்தில் கொண்டு மேற்கொண்டு பரிசீலிக்கத் தேவையில்லை. “போறவனுக்கும் கிடையாது, வர்றவனுக்கும் கிடையாது. நான் கேட்ட சமத்துவம் வந்துடுச்சு” என்றார் அவர். சிரிக்க முயன்றார். வரவில்லை.

தபால்காரர் அந்த அட்டையைக் காட்டித்தான் பஸ்ஸில் இலவசமாக மகள் ஊருக்குப் போய்வருவார். அதுவும் போயிற்று. நேற்று அவர் வீட்டுக்குப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். பரவாயில்லம்மா, பரவாயில்லம்மா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டே சொன்னார். சாயந்திரம் அவர் ஜன்னல் மூடியிருந்தது.

இதையெல்லாம் சொல்ல எழுதவில்லை. மூன்றாம் பக்கத்தில் பூத் ஊழியரின் வாக்குமூலம் என்று ஒன்று இருக்கிறது. அதை உன் அத்தான் சத்தமாகப் படிக்கவில்லை, தாண்டிப் போனார். அவர் தூங்கினதும் எடுத்துப் படித்தேன். ‘மேற்படி பெண்மணியை எனக்குத் தெரியாது. அவர் யாருக்கும் உறவு என்பதும் தெரியாது. அட்டையைக் காட்டியதால் அனுமதித்தேன். ஏமாற்றப்பட்டேன்.’

வழி சொல்லிக்கொடுத்தது நீ. ஏமாற்றியது நானா?

உனக்கு எட்டு வயசு இருக்கும்போது அம்மா போனாள். அதற்கப்புறம் உன் தலையில் எண்ணெய் வைத்தது, பள்ளிக்கூடத்துக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனது, காய்ச்சலில் உன் வாந்தியைக் கையில் ஏந்தியது எல்லாம் மேற்படி பெண்மணிதான்.

அக்கா


ஜூலை 20

அன்புள்ள அக்காவுக்கு,

என்ன சொன்னாலும் சாக்குச் சொல்கிற மாதிரிதான் இருக்கும். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

ஏசி அறை. இரண்டு பேர், நடுவில் சூப்பர்வைசர். திரையில் உன் வண்டி நிற்கிறது, நீ கையை நீட்டுகிறாய். “இந்த அம்மா உனக்குச் சொந்தமா?” என்று கேட்டார்கள். பழைய ஆளை அனுப்பியது போதாமல், அவர்மேல் கேஸ் போட்டிருக்கிறார்கள் என்று அந்த அறைக்குப் போகிற வழியில்தான் சூப்பர்வைசர் சொன்னார். பிரசவத்துக்கு நாலைந்து நாள்தான் பாக்கி. ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன் அக்கா. தெரியாது சார் என்று வந்தது. ஒரு தடவை சொன்ன பிறகு அடுத்த கேள்விக்கும் அதையே சொல்ல வேண்டியதாகிவிட்டது. ‘ஏமாற்றப்பட்டேன்’ என்பது அவர்கள் எழுதியது. கையெழுத்துப் போட்டது நான்தான், இல்லை என்று சொல்லவில்லை.

பெண் குழந்தை பிறந்திருக்கிறது. நீ பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்தனுப்பிய சட்டைகள் வந்தன. கடிதம் எதுவும் வைத்திருக்கிறாயா என்று ஒவ்வொன்றாக உதறிப் பார்த்தேன்.

அத்தான் இன்னும் போய்வருகிறார் என்று தெரியும். காலையில் மேட்டிலிருந்து நீ பிரேக்கைப் பிடித்துப் பிடித்து இறக்குவதை முந்தாநாள் வேறு வேலையாக ஸ்டேஷனுக்கு வந்தபோது பார்த்தேன். சாயந்திரம் போர்ட்டர் மேடு வரை தள்ளிவிடுகிறார் என்றும் கேள்விப்பட்டேன். அவருக்கு அது வேலை இல்லை, எத்தனை நாள் செய்வார்? இனிமேல் நான் வருகிறேன். போர்ட்டர் இல்லாத அன்றைக்குப் பூத்தை அப்படியே போட்டுவிட்டு வந்து நான் தள்ளுகிறேன். எச்சரிக்கை கொடுக்கட்டும், வேலையை விட்டே அனுப்பட்டும். பிறந்திருக்கிற குழந்தைமேல் சத்தியம். நீ ஒரு கை காட்டு, போதும்.

தம்பி


ஜூலை 31

தம்பி,

முந்தாநாள் போர்ட்டர் லீவு. அவருக்குப் பதில் வந்த ஆள் சாய்தளம் முடிகிற இடத்தில் நாற்காலியை விட்டுவிட்டு, இதுவரைக்கும்தாம்மா என்று போய்விட்டார். நான் தள்ளிக்கொண்டு வந்தேன். மேடு ஏற ஆரம்பித்ததும் அவர் இரண்டு கையாலும் சக்கரத்தைத் தள்ளிக் கொடுத்தார். பாதி ஏறிவிட்டோம். அதற்கு மேல் என் கை விட்டுப்போனது. பிரேக்கைப் போட்டேன், அது சரியாகப் பிடிக்கவில்லை, பின்னால் சறுக்கியது. சக்கரத்துக்கு அண்டை கொடுக்க ஒன்றும் கிடைக்காமல், நானே சக்கரத்துக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து முதுகைக் கொடுத்துக்கொண்டேன். தூறிக்கொண்டிருந்தது.

அவர், இந்தச் சரிவு எத்தனை டிகிரி இருக்கும் என்று சொல்லு பார்க்கலாம் என்றார். எனக்குக் கணக்குத் தெரியாது என்றேன். எனக்கும் இப்ப வரமாட்டேங்குதும்மா என்றார்.

உட்கார்ந்த இடத்திலிருந்து உன் பூத் நேராகத் தெரிந்தது. உன் கடிதம் என் கைப்பையில் இருந்தது. நான் கையைத் தூக்கி ஆட்டினேன். நன்றாக, இரண்டு மூன்று தடவை ஆட்டினேன். கண்ணாடிக்குப் பின்னால் உன் தலை எங்கள் பக்கம் திரும்பிய மாதிரி இருந்தது. அவர் என் கையைப் பிடித்து இறக்கினார். அவனைக் கூப்பிடாதே, அவனுக்குக் குழந்தை பிறந்திருக்கு என்றார்.

கடைசியில் யாரோ ஒரு லாரி டிரைவர் இறங்கி வந்து மேலே ஏற்றிவிட்டுப் போனார். வண்டியில் உட்கார வைத்துப் பெல்ட்டைப் போட்டுவிடும்போது உன் அத்தான் சொன்னார்: “நீ சக்கரத்துக்கு அடியில உட்கார்ந்து நான் வாத்தியாரா இருக்க வேண்டாம்மா.” நேற்று ராஜினாமாக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டார். பிள்ளைகளின் விடைத்தாள் ஒரு கட்டு திருத்தாமல் இருந்தது, அதையும் கட்டி அனுப்பிவிட்டார்.

இன்றைக்குக் காலையில் ரயில் நேரத்துக்கு எழுந்துவிட்டார். எங்கே போகப் போகிறோம் என்று கேட்கிற மாதிரி என்னைப் பார்த்தார். நான் பல் தேய்த்துவிட்டேன், துடைத்துவிட்டேன், இஸ்திரி போட்ட சட்டையை எடுத்தேன். வேண்டாம், பழசையே போடு என்றார். வீட்டிலேயே நாலு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கலாமே என்றேன். ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார், நான் தைக்கிற சத்தம்கூட அவருக்கு எரிச்சலாக இருக்கிறது. நான் மிஷினை மூடிவிட்டேன்.

உன்னைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒன்றுதான் சொல்கிறார். கண்ணாடியில மழை, அவன் நம்மளைப் பார்த்திருக்க மாட்டான் என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தெரியாது என்று நீ கையெழுத்துப் போட்டதைக்கூட, பயந்தாங்குள்ளிப் பயல், சின்ன வயசிலிருந்தே அப்படித்தான் என்று தள்ளிவிட முயற்சி பண்ணுகிறேன். முடிந்தாலும் முடியும். இதை மட்டும் தள்ளிவிட முடியவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பார்த்தாயா, இல்லையா? பார்க்கவில்லை என்று ஒரு வரி எழுதிவிடு. பொய்யாக இருந்தாலும் நம்பிவிடுகிறேன். எனக்கு வேறு தம்பி கிடையாது.

அக்கா


ஆகஸ்ட் 3

அக்கா,

பார்த்தேன்.

நீ கை ஆட்டியதைப் பார்த்தேன். அத்தான் உன் கையை இறக்கியதையும் பார்த்தேன். சூப்பர்வைசர் அன்றைக்கு வரவில்லை, பூத்தில் நான் மட்டும்தான் இருந்தேன். எழுந்து கதவில் கை வைத்தேன். அப்போது ஒரு வண்டி வந்து நின்றது. டோக்கன் கொடுத்துத் தடுப்பைத் தூக்கினேன். அதற்குப் பின்னால் இன்னொரு வண்டி வந்தது.

தம்பி